மெழுகு மண்

அத்தியாயம் 11

"பொம்பளையாச்சேன்னு பார்க்கிறேன். இல்லேன்னா இந்நேரம் நாயை அவுத்து விட்டிருப்பேன்."

பண்ணை மேனேஜர் கோவர்த்தனன் வாசலுக்கு வந்தவர்களை வரவேற்ற லட்சணம் இது. கறுப்பு வேட்டி, கழுத்தில் ஐயப்ப மாலை, நெற்றி நிறையச் சந்தனம். வாயில் மட்டும் விரதம் இல்லை.

"நாயை ஏற்கெனவே பார்த்தாச்சு சாமி," என்றான் தணிகைவேல். "எங்களைப் பார்த்து வாலை ஆட்டிச்சு. இந்தப் பண்ணையில மரியாதை தெரிஞ்சது அது ஒண்ணுதான் போலருக்கு."

"வேலு, சும்மா இரு," என்றார் கிரேஸ்.

சும்மா இருப்பதற்கா சம்பளம்? தணிகைவேல் மனசுக்குள் கேட்டுக்கொண்டான். நகரியில் அப்பன் வைத்திருந்த நாலு விசைத்தறியின் சத்தம் பிடிக்காமல் ஓடி வந்து, இந்த அம்மாவிடம் மாட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. கிரேஸ் சித்தூர் கோர்ட்டில் இருபது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர். ஊரான் பொய்யையெல்லாம் மூன்று காப்பி டைப் அடித்துச் சலித்துப்போய், இனி ஒரு காப்பியாவது உண்மை பார்க்கலாம் என்று துப்பறியும் அலுவலகம் திறந்தவர். ஐம்பது வயசு, வெள்ளைக் காட்டன் புடவை. கோபம் வந்தால் குரல் இன்னும் மெலிசாகும்.

இப்போது குரல் மிக மெலிசாக இருந்தது.

"ரெண்டு ட்ராக்கையும் பார்த்துட்டுப் போயிடறோம் சார். பத்து நிமிஷம்."

"பாருங்க, பார்த்துட்டு அப்படியே ஓடிடுங்க," என்று கோவர்த்தனன் முன்னால் நடந்தார்.

விஷயம் இதுதான். பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தப் பந்தயக் குதிரைப் பயிற்சிப் பண்ணையில், பதினேழு நாளைக்கு முன் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில், ஜெர்ரி என்ற ரைடர் மல்லி என்ற பெண் குதிரையை ஓட்டினான். மல்லியின் வலது முன்னங்கால் ஒடிந்தது. ஒடிந்த காலோடு குதிரையை வைத்திருக்க முடியாது என்று ஊசி போட்டுக் கொன்றார்கள். ஜெர்ரிக்கு முதுகெலும்பில் அடி. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. அன்றைக்குக் காலையில் பல் துலக்கியதற்கு அப்புறம் நடந்த ஒன்றும் அவனுக்கு ஞாபகம் இல்லை.

ஞாபகம் இல்லாதவன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாமே! பண்ணைக்காரர்கள் கட்டிவிட்டார்கள். நாலு நாள் மழையில் மண் ட்ராக் மூடியிருந்தது, சிந்தெடிக் ட்ராக்கில் மட்டும் ஓட்டு என்று எழுதிப் போட்டிருந்தோம், அவன் திமிர் பிடித்து மண் ட்ராக்கில் ஓட்டிக் குதிரையைக் கொன்றுவிட்டான் என்றார்கள். ஆதாரத்துக்குப் போட்டோ வேறு. செம்மண்ணில் மல்லி கிடக்கிறது, பத்தடி தள்ளி ஜெர்ரி கிடக்கிறான்.

நாளைக் காலை பதினோரு மணிக்கு ரேஸ் கிளப்பில் விசாரணை. 'தடை செய்த ட்ராக்கில் நானே ஓட்டினேன், குதிரையின் சாவுக்கு நானே காரணம்' என்று ஒரு கடிதத்தை டைப் அடித்து ஜெர்ரியின் மனைவி தபிதாவிடம் கொடுத்திருந்தார் கோவர்த்தனன். இன்று நாலு மணிக்குள் கையெழுத்தோடு வர வேண்டும். வராவிட்டால் போலீஸ் கேஸ், ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது. இதைவிடக் கொடுமை, ஜெர்ரியே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். மல்லியை நான்தான் கொன்னுட்டேன், பேனாவைக் குடு, போட்டுடறேன் என்று படுத்தபடியே அழுகிறானாம். தபிதா கிரேஸைத் தேடி வந்தது அதனால்தான்.

கோவர்த்தனன் வேலிக்கு அப்பால் கையை நீட்டினார்.

"வெளிச்சுத்து பழைய செம்மண். மழை பெஞ்சா சேறு, வெயில் அடிச்சா கருங்கல்லு. உள்சுத்து சிந்தெடிக். சன்ன மணல், ரப்பர் தூள், பாலியஸ்டர் இழை, மூணையும் மெழுகுல பிசைஞ்சு போட்டது. தண்ணி இறங்கி ஓடிடும், சேறே ஆகாது. மண் ட்ராக்ல எருமை நடக்க முடியாத அன்னிக்குக்கூட இதுல குதிரை பறக்கும். இதை விட்டுட்டு அதுல போனான் பாருங்க, அவனுக்குப் பேரு ரைடரா?"

"சிந்தெடிக்ல குதிரைக்குக் கால் ஒடியவே ஒடியாதா?" கிரேஸ் கேட்டார்.

"என் ட்ராக்ல ஒடியாது. அடுத்த வாரம் கிளப்புலேர்ந்து பார்க்க வராங்க. சரின்னு சொல்லிட்டா தென்னாடு பூரா நான்தான் போடப் போறேன்."

தணிகைவேல் குனிந்து ஒரு பிடி அள்ளினான். சாம்பல் நிற மணல், கையில் பிடித்தால் பிடித்தபடி நின்றது. மோந்து பார்த்தான். "மெழுகுவத்தி வாசனை. மேடம், உங்க சர்ச்சுக்குள்ள வந்த மாதிரியே இருக்கு. பாவத்தைச் சொல்ல ஆள்தான் வாய் திறக்க மாட்டேங்குது."

"இது புதுசா இருக்கே சார்?" என்றார் கிரேஸ்.

"ஆமா, புதுசுதான். இன்ஸ்பெக்‌ஷனுக்காக மொத்தமா மாத்திட்டோம்."

"பழசு?"

"ஏரிப் பள்ளத்துல கொட்டியாச்சு. அதுக்கு மேல இப்ப ரெண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணி. முங்கித் தேடறீங்களா?"

"எப்ப மாத்தினீங்க? மல்லி செத்த மறுநாளா?"

கோவர்த்தனன் சந்தனம் சுருங்கச் சிரித்தார். "பத்து நிமிஷம் ஆச்சு. கேட் அந்தப் பக்கம். அந்தப் பொண்ணை நாலு மணிக்குத் திருப்பதியில என் புது வீட்டுக்கு வரச் சொல்லுங்க. கையெழுத்தோட."

கேட் படாரென்று சாத்தப்பட்டது. சாத்திய வேகத்தில் தணிகைவேலின் மூக்கு மயிரிழையில் தப்பியது.

*

காரில் உட்கார்ந்ததும் கிரேஸ் இரண்டு போட்டோக்களை மடியில் வைத்தார். இரண்டுமே பண்ணைக்காரர்கள் கிளப்புக்கு அனுப்பியவை.

"வேலு, ரெண்டு படத்துக்கும் ஆறு வித்தியாசம் சொல்லு."

"சொல்லிட்டா பரிசு உண்டா? முதல் படத்துல செம்மண்ணுல கிடக்கு, ரெண்டாவதுல குழிக்குள்ள கிடக்கு. முதல்ல மாலை இல்ல, ரெண்டாவதுல இவ்ளோ பெரிய சாமந்தி மாலை. உயிரோட இருந்தப்ப ஒரு கட்டு புல்லு கூடக் குடுத்திருக்க மாட்டானுங்க..."

"காலைப் பார்."

பார்த்தான். செம்மண்ணில் கிடந்த மல்லியின் குளம்புகளில் லாடம் பளபளத்தது. குழிக்குள் கிடந்த மல்லியின் குளம்புகள் மொட்டையாக இருந்தன. ஆணி போன ஓட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

"அடச்சே! செத்த குதிரை காலுல இருக்கிற இரும்பைக்கூட விடலையா?"

"பழைய ட்ராக் ஏரிக்குள்ள. குதிரை மண்ணுக்குள்ள. ஜெர்ரி போட்டிருந்த துணியை ஆஸ்பத்திரியில கத்திரிச்சுக் குப்பையில போட்டுட்டாங்க. மல்லி கடைசியா எதை மிதிச்சதுன்னு சொல்ல மிச்சம் இருக்கிறது அந்த நாலு இரும்புதான். பண்ணைக்கு லாடம் அடிக்கிறது யாரு?"

"பாலசமுத்திரம் நாகையா. பார்க்கப் போகலாம், ஆனா அந்த ஆளு வாயைத் திறந்தாலே ஆணி ஆணியாத்தான் விழுமாம்."

*

விசாரித்துச் சொன்னவர்கள் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்கள். சாலையோரத் தகரக் கொட்டகையில் ஒரு காளையைச் சாய்த்துப் போட்டு லாடம் அடித்துக்கொண்டிருந்த நாகையா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இன்னா வேணும்? லாடம் வேணும்னா மாட்டைக் கூட்டினு வாங்க."

"மாடு இல்லண்ணா, என் காலுக்குத்தான் அடிக்கணும்," என்றான் தணிகைவேல். "எங்க மேடம் ஓட்டற ஓட்டத்துல ரெண்டு ஜோடி செருப்பு தேஞ்சு போச்சு."

நாகையா சுத்தியலைக் கீழே போட்டார். "பண்ணை விஷயமாத்தானே வந்துக்கினு இருக்கீங்க? நாக்கு ஏமி தெலியது, எனக்கு ஒண்ணும் தெரியாது. போயிடுங்க. போகலேன்னா காளையை அவுத்து விட்டுடுவேன்."

"காலையில நாய், மத்தியானம் காளை. சாயங்காலம் யானையா மேடம்?"

கிரேஸ் நகரவில்லை. "தெரியாதுன்னா சரி, போறோம். நாளைக்கு விசாரணையில கோவர்த்தனன் முதல்ல ஜெர்ரி மேல பழி போடுவாரு. அது எடுபடலேன்னா அடுத்தது யாரு மேல போடுவாருன்னு நெனைக்கிறீங்க? லாடம் சரியா அடிக்கல, அதான் கால் பிசகிச்சுன்னு சொல்லிட்டா?"

கோவர்த்தனன் அப்படி எங்கும் சொல்லவில்லை என்பது தணிகைவேலுக்குத் தெரியும். ஆனால் அந்த ஆள் சொல்லக் கூடியவன்தான் என்பதும் தெரியும். நாகையாவுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்போல, முகம் உலையாய்ச் சிவந்தது.

"என் லாடத்தையா? எவன் சொன்னான்? புதன்கிழமை சாயங்காலம் நாலு காலுக்கும் புதுசா அடிச்சேன். அதுக்கு இடது முன்னங்குளம்புல வெளிப்பக்கம் வெடிப்பு. அங்க ஆணி இறக்கினா நோவும்னு ரெண்டே ஓட்டை வச்சுத் தனியா அடிச்சேன். எல்லாருக்கும் வெளிப்பக்கம் நாலு வைப்போம், மல்லிக்கு மட்டும் ரெண்டு. அந்த மாதிரி லாடம் இந்த ஜில்லாவிலேயே வேற கிடையாது. என் வேலையைக் குறை சொல்றானா?"

"அப்ப அந்த லாடத்தோட மல்லி ஓடினது?"

"ஒரே ஓட்டம். வியாழக்கிழமை காலையில ஓடுனதுதான்."

"கழட்டினது யாரு?"

"நான்தான். இரும்போட மண்ணுக்குள்ள அனுப்பக் கூடாது. எங்க நைனா காலத்துலேர்ந்து அப்படித்தான். ஒடிஞ்ச காலுது வளைஞ்சு போச்சு. அதையும் பின்னங்கால் ரெண்டையும் காய்ச்சிக் கதவுக் கொண்டி அடிச்சுட்டேன்."

"இடது முன்னங்கால் லாடம்?"

நாகையா பிடரியைச் சொறிந்தார். காளையைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார்.

"மேனேஜர் சாமி ஆறு மாசமா அரிச்சுக்கினு இருந்தாரு. புது வீட்டு வாசக்காலுக்குத் திருஷ்டிக்கு அடிக்க ஜெயிச்ச குதிரை லாடம் வேணுமாம். சுல்தானோடதுதான் வேணும்னாரு. சுல்தானுக்கு மாத்தற நாள் இன்னும் வரலை, கிருகப்பிரவேசம் வந்துடுச்சு. கையில இருந்ததை எடுத்து சுல்தானுதுன்னு சொல்லிக் குடுத்துட்டேன்."

"மல்லியோடதை?"

"அவுனு, அதேதான். லாடத்துல பேரா எழுதியிருக்கு?"

"கழுவினீங்களா?"

"துணியால துடைச்சேன். எப்படியும் மஞ்சள் பூசப் போறாங்கதானே."

தணிகைவேலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ட்ராக்கைப் பெயர்த்து ஏரியில் கொட்டியவன், குதிரையைக் குழி தோண்டி மூடியவன், கடைசிச் சாட்சியை மட்டும் தன் வீட்டு நிலைப்படிக்கு மேல் ஆணி அடித்து, பொட்டு வைத்து, தினமும் கும்பிட்டுவிட்டு வெளியே போகிறான்!

"வந்து அடையாளம் காட்டுவீங்களா?" என்றார் கிரேஸ்.

"என் கையால அடிச்சதைக் காட்ட எனக்கென்ன பயம்? வரேன்." நாகையா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆணி பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார்.

"சரி, நாலு மணிக்குள்ள போயிடணும். ஜெர்ரி வீட்டம்மாவும் அங்க வராங்க."

துண்டு தோளிலிருந்து நழுவியது. "அந்தம்மா எதுக்கு?" என்றார் நாகையா.

அதற்கப்புறம் திருப்பதி வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபக்கார மனுஷன், அப்படித்தான் இருப்பான் என்று தணிகைவேல் விட்டுவிட்டான்.

*

புது வீட்டு கேட்டுக்கு வெளியே தபிதா நின்றுகொண்டிருந்தாள். சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக நர்ஸ். பதினேழு நாளாக ஒரு நோயாளிக்கு மட்டும் நர்ஸ். கண்ணைச் சுற்றிக் கருவளையம், கையில் ஒரு ரெக்ஸின் பை.

"மணி நாலு அடிச்சாச்சுக்கா," என்றாள் கிரேஸிடம். குரலில் ஈரமே இல்லை. "நீங்க துப்பறிஞ்சு முடிக்கறதுக்குள்ள அவர் கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் மருந்து வாங்கப் போன நேரத்துல பக்கத்து பெட்காரர்கிட்ட பேனா வாங்கிப் போட்டிருக்காரு. பையில இருக்கு. குடுக்கட்டுமா, வேணாமா? அதையாவது சொல்லுங்க."

"அஞ்சு நிமிஷம் பொறு, தபிதா."

"பதினேழு நாள் பொறுத்தாச்சு."

அழைப்பு மணி அடித்ததும் கோவர்த்தனனின் மனைவி சுந்தராம்பாள் கதவைத் திறந்தாள். கையில் கார்த்திகை விளக்குக்குத் திரித்துக்கொண்டிருந்த பஞ்சு. நிலைப்படியின் தலைக்கு மேலே, காய்ந்த மாவிலைத் தோரணத்துக்கு நடுவில், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த லாடம் தொங்கியது.

கிரேஸ் உள்ளே நுழையாமல் அண்ணாந்து பார்த்தார். "அம்சமான லாடம்மா."

"பின்னே! சுல்தானோடது," என்றாள் சுந்தராம்பாள் பெருமையாக. "மூணு கோப்பை ஜெயிச்ச குதிரை. எங்க வீட்டுக்காரர் சொல்லி வச்சு வாங்கினது."

உள்ளேயிருந்து கோவர்த்தனன் வந்தார். கிரேஸைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது. "உங்களை யாரு வரச் சொன்னது? ஏம்மா தபிதா, காகிதத்தைக் குடுத்துட்டுக் கிளம்பு."

"சார், இது சுல்தானோடதுதானா? நிச்சயமா?"

"நாகையா கையால வாங்கினது. உங்களுக்கென்ன வந்துச்சு?"

"நாகையா," என்று கிரேஸ் திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார்.

நாகையா படியேறி வந்து குறட்டால் சுட்டினார். "இல்லம்மா. இது மல்லியோடது. இடது முன்னங்கால். வெளிப்பக்கம் ரெண்டே ஓட்டை இருக்கு பாருங்க."

சுந்தராம்பாள் கையிலிருந்த பஞ்சு விழுந்தது. "மல்லின்னா... ஊசி போட்டாங்களே, அதுவா? அய்யய்யோ! பத்து நாளா செத்ததோட காலுக்குக் கீழயா போய்ப் போய் வந்துக்கினு இருக்கோம்? பிடுங்குங்க! முதல்ல பிடுங்கிக் கடாசுங்க!"

கோவர்த்தனனுக்குக் கிடைத்த அதிர்ச்சி வேறு மாதிரி. ஒரே ஒரு கணம் அவர் கிரேஸின் முகத்தைப் பார்த்தார், கிரேஸ் எதற்கு வந்திருக்கிறார் என்பது புரிந்துபோயிற்று. பாய்ந்து கையைத் தூக்கினார். "நானே கழட்டறேன், விலகுங்க!"

"நீங்க தொடாதீங்க!" மனைவி குறுக்கே பாய்ந்து இரண்டு கையையும் விரித்தாள். "மாலை போட்டுக்கினு சாவுத் தீட்டைத் தொடுவீங்களா? மலைக்குப் போற உடம்பு! நாகையா, நீ பிடுங்குப்பா!"

"சுந்தரா, நகரு! உனக்கு ஒண்ணும் தெரியாது!"

"எனக்கா தெரியாது? தொட்டீங்கன்னா இந்த வீட்டுல நான் ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்!"

ஐயப்பன் அன்றைக்கு யார் பக்கம் இருந்தார் என்று தணிகைவேலுக்குச் சந்தேகமே இல்லை. போனை எடுத்து வீடியோவை ஓட விட்டான். நாகையா குறட்டைக் கொடுத்து இரண்டே நெம்பில் லாடத்தைப் பெயர்த்துக் கிரேஸின் கைக்குட்டையில் போட்டார்.

லாடத்தின் அடிப்பக்கம் ஆணித் தலை உட்காருவதற்காக ஒரு பள்ளக் கோடு உண்டு. கிரேஸ் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி அந்தக் கோட்டைக் கிளறினார். சாம்பல் நிறத்தில் மெழுகு மணல், கொழுக்கட்டை மாவுபோல் கட்டி கட்டியாக உதிர்ந்தது. கடைசியில், அடியோடு அடியாக, ஒரு சிட்டிகை செம்மண்.

"அவ்ளோதானே?" கோவர்த்தனன் குரலை உயர்த்தினார். "ரெண்டும் இருக்கு. சிந்தெடிக்ல கொஞ்சம் நடந்திருக்கும், அப்புறம் மண் ட்ராக்ல ஓடியிருக்கும். இதுல என்ன கண்டுட்டீங்க?"

"காலையில நீங்களே காட்டினீங்க சார். வெளிச்சுத்து செம்மண், உள்சுத்து சிந்தெடிக். லாயத்துலேர்ந்து வர்ற குதிரை முதல்ல செம்மண்ணைக் குறுக்கே தாண்டும். அதான் அடியில ஒரு சிட்டிகை. அப்புறம் சிந்தெடிக்ல ஓடும். அதான் மேல முழுக்க மெழுகு. நீங்க சொல்ற மாதிரி செம்மண்ணுல ஓடிச் சேத்துல விழுந்திருந்தா, மேல செம்மண்தானே அப்பியிருக்கணும்? ஒரே நாள் போட்ட லாடம், ஒரே ஓட்டம். மல்லி கடைசியா மிதிச்சது உங்க சிந்தெடிக்கை."

தணிகைவேல் கைக்குட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். மணலுக்குள் சிக்குச் சிக்காய் இழைகள். பாதி ஊதா, பாதி மாம்பழ மஞ்சள். ஓர் இழையை உருவி விரலில் தேய்த்தான். பிறந்ததிலிருந்து தறிப் பட்டறையில் புரண்டவன் விரல் அது.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றான். அவன் குரலில் விளையாட்டு இல்லாததைக் கேட்டு கிரேஸே நிமிர்ந்தார்.

தீக்குச்சியைக் கிழித்து இழையில் வைத்தான். மெழுகு குடித்த நூல் நின்று எரிந்தது. எரிந்து முடிந்ததும் வெள்ளைச் சாம்பல் பூப்போல் உதிர்ந்தது, காகிதம் எரிந்த வாசனை வந்தது.

"விளக்குத் திரி மாதிரியே எரியுதே," என்றாள் சுந்தராம்பாள், தன்னை மறந்து.

"திரியேதாம்மா. பருத்தி. பாலியஸ்டரா இருந்தா உருகி, கறுப்பா மணி கட்டியிருக்கும். இது எங்க நகரி விசைத்தறியில பாவு அறுத்துப் போடற வேஸ்ட் நூல். இந்தக் கலருல எங்க அப்பனே மூட்டை மூட்டையா வித்திருக்காரு." கோவர்த்தனனை நேராகப் பார்த்தான். "சிந்தெடிக் ட்ராக்குன்னு ஊரைக் கூட்டினீங்களே சாமி, அதுல சிந்தெடிக்கையே காணோமே? பருத்தி தண்ணியைக் குடிக்கும். நாலு நாள் மழையில ஊறி ஊறி உருண்டை கட்டியிருக்கும். மேல பார்த்தா சமமா இருக்கும், மிதிச்சா கால் உள்ள போயிடும். இதுக்கு உங்க பழைய செம்மண்ணே தேவலை. சேறுன்னு பார்த்தாவது தெரியும்!"

"ஒரே ஒரு வளைவுலதான்யா!" கோவர்த்தனன் கத்திவிட்டார். "பாலியஸ்டர் வந்து சேரலை. இழை இழைதானேன்னு ஒரு வளைவுக்குப் போட்டேன். மழை கொட்டும்னு கனவா கண்டேன்? அங்க போய் அது காலை விட்டுச்சு. இப்ப இன்னா அதுக்கு? ட்ராக்டர்ல கட்டி இழுத்து அந்தப் பக்கம் போட்டேன். சாகப் போற குதிரை எங்க கிடந்தா இன்னா? அதுக்காக என்னைத் தூக்குல போட்டுடுவாங்களா?"

தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சுந்தராம்பாள் கணவனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். தணிகைவேல் போனைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டான். அத்தனையும் பதிவாகிவிட்டது. நாளைக்கு விசாரணையில் ஜெர்ரிக்காக யாரும் வாய் திறக்கவே வேண்டாம், கேஸ் முடிந்தது. அவனுக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"அவரை?"

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பினார்கள். தபிதா இன்னும் கீழ்ப்படியிலேயே நின்றிருந்தாள்.

"குதிரையை ட்ராக்டர்ல இழுத்தீங்க. சரி. போட்டோவுல அவரும் செம்மண்ணுல கிடக்கிறாரே," என்றாள். "அவரை அங்க கொண்டு போனது யாரு?"

தணிகைவேலின் கை போனோடு கீழே இறங்கியது. இது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? குதிரை இடம் மாறினால் ரைடரும் இடம் மாற வேண்டுமே! கிரேஸைப் பார்த்தான். அவர் முகமும் வெளுத்திருந்தது.

கோவர்த்தனன் தரையைப் பார்த்தார். படியில் குறடு விழுந்து உருண்டது.

"நானும் சாமியும்," என்றார் நாகையா. "கைப்பக்கம் அவரு. கால்பக்கம் நானு. லாடம் அடிக்கிற அன்னிக்கு நான் பண்ணையிலதான் படுப்பேன். சத்தம் கேட்டு ஓடினேன்."

"பலகை ஏதாவது கீழ குடுத்துத் தூக்கினீங்களா?" தபிதா வார்டில் கேஸ் ஷீட் எழுதும்போது கேட்பதுபோல், நிதானமாகக் கேட்டாள்.

"இல்லம்மா. அப்படியே ட்ரெய்லர்ல..."

"தலையை யாராவது பிடிச்சிருந்தீங்களா?"

"இல்ல."

"தூக்கறப்ப நினைவு இருந்துதா அவருக்கு?"

"இருந்துதும்மா. விடுங்கடா, என்னை விட்டுட்டு மல்லியைப் பாருங்கடான்னு கத்தினாரு. உதைச்சாரு. இங்க பட்டுச்சு." தன் விலாவைத் தொட்டுக் காட்டினார்.

"கால் உதைச்சுதா? ரெண்டு காலுமா?"

"ரெண்டும். நல்லா பலமா."

"அந்தப் பக்கம் இறக்கினப்ப?"

நாகையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

பதினேழு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று பேர் வாங்கிய தபிதா, அந்தப் புது வீட்டு மாக்கோலத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தணிகைவேலுக்குக் கோவர்த்தனனை அடித்துக் கொல்ல வேண்டும் போலிருந்தது. நாகையாவையும் சேர்த்து. கிரேஸ் குனிந்து தபிதாவின் தோளைப் பிடித்தார்.

"எழுந்திரும்மா. ஜெர்ரி மேல தப்பே இல்லைன்னு ஆயிடுச்சு. இப்பவே போய்ச் சொல்லலாம்."

"என்னன்னு சொல்றதுக்கா?" தபிதா நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. "மல்லியை நீங்க கொல்லலைன்னு சொன்னா, அப்ப எங்க விழுந்தேன்னு கேப்பாரு. எப்படி இங்க வந்தேன்னு கேப்பாரு. விழுந்தப்பவும் கால் நல்லாத்தான் இருந்துச்சு, தூக்கி வச்சுக் கெடுத்துட்டாங்கன்னு நான் என் வாயால சொல்லணுமா? சொல்லலேன்னா, குதிரையைக் கொன்னவன்னு நெனச்சுக்கினே படுத்திருப்பாரு. எதைச் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கக்கா."

இருபது வருஷமாக எல்லாருடைய பதிலையும் டைப் அடித்தவர் தபிதாவின் ரெக்ஸின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். தணிகைவேல் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தான். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் ஐந்து மணிக்கு ஆரம்பம்.